ஒரு ‘ணங்’ போதும்: க்ளைம்பர் ஸ்டாண்டில் ஓசைப்படாமல் ஏற

க்ளைம்பர் ஸ்டாண்டு என்பது மான் வேட்டைக்காரர் மரத்தில் தானே ஏற்றிக்கொண்டு போய் மேலே உட்காரும் இருக்கை. அதைக் குறை சொல்பவர்கள் முதலில் சொல்வது அதன் சத்தத்தைத்தான். நியாயமான குறைதான். 20 பவுண்டு அலுமினியத்தை முதுகில் சுமந்து போய், விடியாத இருட்டில் பிரித்து, ஒரு மரத்தைச் சுற்றிப் பூட்டி, இருபது தடவைக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்து மேலே போவது எப்படி அமைதியாக இருக்கும்? இருக்காது. ஆனால் காட்டுக்குள் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. மரப்பட்டை உரசுகிற ‘சரக்’கும் சருகு நொறுங்குகிற ‘மொறுக்’கும் அணிலும் காற்றும் நாள் முழுக்கப் போடுகிற சத்தங்கள். உலோகத்தில் உலோகம் மோதுகிற ‘ணங்’ அப்படியல்ல. அதை மனிதன் ஒருவன்தான் போடுவான். முதல் வகையைக் குறைக்கலாம், இரண்டாவதை அடியோடு ஒழிக்கலாம். அதற்கான வேலையில் பாதிக்கு மேல் வீட்டுக் கராஜிலேயே முடிந்துவிடும்.

இங்கே பேசுவது அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வேட்டையைப் பற்றி. உரிமம், பருவம், வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முறைப்படி வைத்திருப்பவர்களுக்காக. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், ஆகவே அங்கே இதற்கு வேலையில்லை.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் வெள்ளைவால் மானின் செவித்திறனை அளந்து பார்த்திருக்கிறார்கள். 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிகளில்தான் அதன் காது மிகக் கூர்மை. மெல்லிய உலோகக் குழாயில் கொக்கி தட்டினால் வருகிற கிணுகிணுப்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு மானின் இரண்டு காதுகளும் தனித்தனியாகத் திரும்பும். சத்தம் வந்த திசையை அது தேட வேண்டியதில்லை. ஒரு முறை ‘ணங்’ என்றால் தலை நிமிரும், அசையாமல் நிற்கும். இரண்டாவது முறை கேட்டால் முன்காலால் தரையை உதைக்கும், இல்லாவிட்டால் மூக்கால் சீறிவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தச் சீறலைக் கேட்ட மற்ற மான்களும் அன்றைக்கு அந்தப் பக்கம் வராது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே சத்தம் பிறக்கிறது என்பதும் தெரியும். க்ளைம்பரில் இரண்டு துண்டுகள்: மேலே இருக்கைச் சட்டம், கீழே கால் வைக்கிற மேடை. ஒவ்வொன்றிலும் மரத்தின் முன்பக்கத்தைக் கடிக்கிற பல் வரிசை உண்டு. மரத்தின் பின்பக்கத்தைச் சுற்றி வருகிற கேபிளோ, நாடாப் பட்டையோ, பழைய மாடல்களில் சங்கிலியோ உண்டு. எடையை வெளி விளிம்பில் வைத்தால் சட்டம் சாய்ந்து மரத்தை இறுக்கிக்கொள்ளும். வெளி விளிம்பைத் தூக்கினால் பிடி விடும். இருக்கையில் உட்கார்ந்து காலால் மேடையை உயர்த்துவது, மேடையில் நின்று கையால் இருக்கையை உயர்த்துவது, இவ்வளவுதான். பனையேறுபவர் தளைநாரில் காலை ஊன்றிக் கையை மேலே வைப்பதும், கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு காலை மேலே இழுப்பதும் இதே கணக்குத்தான். அவரிடம் உலோகம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கராஜில் செய்ய வேண்டியவை

ஸ்டாண்டைத் தரையில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. வீட்டுப் பின்புறத்தில் ஏதாவது ஒரு மரத்திலோ கம்பத்திலோ முழங்கால் உயரத்தில் இரண்டு துண்டுகளையும் பூட்டுங்கள். ஒரு சமையலறைக் கரண்டியால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டுங்கள். எது மணி மாதிரி ஒலிக்கிறது, எது ‘டொக்’ என்று அடங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்து, எழுந்து, திரும்பி, வில்லோ துப்பாக்கியோ எடுப்பது போல அசைந்து பாருங்கள். எந்த இரண்டு பாகங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

தொடுகிற இடங்களிலெல்லாம் துணி அல்லது ரப்பர். பின்புறம் பசை உள்ள ஃபெல்ட் துணி, ஹாக்கி மட்டையில் சுற்றுகிற துணி டேப், பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிய பட்டை, பாராகார்டு கயிறு, எல்லாமே உதவும். இருக்கைச் சட்டத்தின் கைப்பிடிகளிலும் முன்கம்பியிலும் பாராகார்டை நெருக்கமாகச் சுற்றினால் மூன்று வேலை நடக்கும்: மோதிரமோ கடிகாரமோ பட்டால் சத்தம் வராது, குளிரில் கை ஒட்டாது, குழாயின் அதிர்வும் அடங்கும். (மோதிரத்தை வீட்டில் கழற்றி வைப்பது இன்னும் நல்லது. கைவழுக்கினால் மோதிரம் விரலைப் பிடித்துக்கொள்ளும்.) டேப்பை நேராக ஒட்டாமல் சுருள் சுருளாக, பாதி பாதி ஏறும்படி சுற்றுங்கள், இல்லையென்றால் முதல் மழைக்கே முனை கிளம்பிவிடும்.

டேப் ஒட்டக்கூடாத இடங்கள் உண்டு. பற்கள், கேபிள், கேபிளை நிறுத்துகிற லாக் பின், வெல்டிங் மூட்டுகள் ஆகியவற்றை மூடாதீர்கள். விரிசல் விடுவது வெல்டிங்கில்தான். அதை ஒவ்வொரு பருவமும் கண்ணால் பார்க்க வேண்டும். குழாய்க்குள் விரிகிற நுரையை அடித்து நிரப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சத்தம் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் நுரை தண்ணீரைத் தேக்கும், தேங்கிய தண்ணீர் உறைந்து விரியும், வெளியிலிருந்து எதுவும் தெரியாது. அதற்காகக் குழாயில் துளை போடுவது இன்னும் மோசம். திறந்திருக்கும் குழாய் முனைகளில் மட்டும் ஒரு கார்க்கை அடைத்து, நிறுவனம் கொடுத்திருக்கிற வடிகால் துளைகளை அப்படியே விட்டால் போதும்.

நட்டு போல்ட்டுகளில் இரண்டு வகைச் சத்தம் வரும். தளர்ந்திருந்தால் ‘கடகட’, வறண்டிருந்தால் ‘கீச்’. அசையக்கூடாத மூட்டை, கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மடங்குகிற மூட்டில் நைலான் வாஷர் போட இடம் விட்டிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மணமில்லாத மெழுகைத் தேயுங்கள். எஞ்சின் எண்ணெயும் வாசனையுள்ள ஸ்ப்ரேயும் வேண்டாம். காதை ஏமாற்றி மூக்கிடம் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

பலரும் மறப்பது இருக்கைத் துணியின் பக்கிள்களை. தொங்கு இருக்கையின் பட்டைகள் சட்டத்தில் உரசிக் குளிரில் முனகும். உரசுகிற இடத்தில் ஒரு துண்டு ஃப்ளீஸ் துணியைச் சுற்றித் தையல் போட்டுவிடலாம். பட்டைகளின் தொங்கும் நுனிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டுங்கள். காற்றில் நைலான் படபடக்கும் சத்தம் நமக்கே ஐம்பது அடிக்குக் கேட்கும்.

சுமந்து போவது

மேடைக்குள் இருக்கையை அடக்கி, மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு கட்டு போதும் என்று தோன்றும். மூன்றாவது இல்லாமல் ஒரு முனை ஆடிக்கொண்டேதான் இருக்கும். முதுகில் மாட்டி அதே இடத்தில் இருபது தடவை குதியுங்கள். ஏதாவது பேசினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள். வெல்க்ரோவை ஒருபோதும் நம்பாதீர்கள். இருட்டில் அதைப் பிரிக்கிற ‘பர்ர்ர்’ காட்டுக்கே அறிவிப்பு. ராட்செட் பட்டையும் அப்படித்தான், ஒவ்வொரு இழுப்புக்கும் ‘டிக் டிக்’ என்று எண்ணிச் சொல்லும். இழுத்தால் இறுகும், அழுத்தினால் விடும் கேம் பக்கிள்தான் இந்த வேலைக்கு.

நடக்கும்போது ஸ்டாண்டின் ஓரம் உங்கள் தோளைவிட அகலம் என்பதை மறந்துவிடுவோம். குச்சிகள் அலுமினியத்தைக் கீறும். ஒரு சாக்குத் துணியைச் சட்டத்தின் மேல் போர்த்திக் கட்டினால் அந்தக் கீறல் மங்கிவிடும். அதைவிட நல்லது, வேட்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒரு நண்பகலில் போய், கடைசி நூறு கஜப் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை நறுக்கிவிடுவது. பொதுநிலத்தில் கிளை வெட்ட அனுமதி உண்டா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா உடைகளையும் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். வேர்க்கும், மேலே போய் உட்கார்ந்ததும் அந்த வேர்வை குளிரும், குளிர்ந்தவன் அசைவான். மெல்லிய உள்ளாடையோடு நடந்து, ஏறி, கனமான மேல்சட்டையை மேலே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியுடை கம்பளியோ ஃப்ளீஸோ ஆக இருக்கட்டும். நைலான் ஜாக்கெட் குளிரில் காகிதம் மாதிரி சரசரக்கும்.

மரம்

பெரும்பாலான க்ளைம்பர்கள் ஏறத்தாழ 8 அங்குலத்திலிருந்து 20 அங்குல விட்டம் வரையுள்ள மரங்களுக்கானவை. உங்கள் மாடலின் அளவு கையேட்டில் இருக்கும். முதல் 20 அடிக்குக் கிளை இருக்கக்கூடாது, மரம் நேராக இருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் பாதுகாப்புக்கு. சத்தத்துக்கு நான்காவதாகப் பட்டையைப் பாருங்கள்.

துலிப் பாப்லர் க்ளைம்பருக்கென்றே வளர்ந்த மரம். நேராகப் போகும், மேலே போகப் போக மெதுவாகத்தான் மெலியும், பட்டை பல்லுக்கு இடம் கொடுக்கும், உதிராது. தென் மாநிலங்களில் லாப்லாலி பைன் கிடைக்கும் இடமெல்லாம் அதுவும் நல்லதே. ஆனால் அதன் செதில்கள் காய்ந்திருந்தால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கையளவு தகடுகள் சருகின் மேல் விழும். முந்தின இரவு மழை பெய்திருந்தால் அதே பைன் மெத்தை மாதிரி. வெள்ளை ஓக்கின் கீழ்ப்பாகம் பரவாயில்லை. மேலே போனால் பட்டை தகடு தகடாகக் கிளம்பி நிற்கும். ஷாக்பார்க் ஹிக்கரியின் பக்கமே போகாதீர்கள். ஓடு வேய்ந்த கூரையில் ஏறுவது போலிருக்கும். பீச் மரத்தின் வழவழப்பான மெல்லிய தோலில் பல் பிடிக்காது. ஈரமாகவோ பனி உறைந்தோ இருந்தால் வழுக்கும், அங்கே சத்தம் இரண்டாம் கவலை.

சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரகத வண்டு 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் நின்றபடியே செத்திருக்கின்றன. பார்வைக்கு நேராக, கிளையில்லாமல், ஆசை காட்டும். செத்த ஆஷ் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். இலை உதிர்ந்த பிறகு உயிருள்ளதா செத்ததா என்று கண்டுபிடிப்பது கடினம், அதனால் கோடையிலேயே மரத்தைத் தேர்ந்து வைப்பது நல்லது. தண்டில் ரோமம் மாதிரி வேர்கள் ஒட்டிய தடித்த கொடி ஏறியிருந்தால் அது விஷ ஐவி. இலையில்லாத காலத்திலும் தோலைக் கொப்புளிக்க வைக்கும். கேபிளும் அதன் மேல் சரியாக உட்காராது.

தேர்ந்தெடுத்த மரத்தில், பருவத்துக்கு முன்பு ஒரு நண்பகலில் ஒருமுறை ஏறி இறங்கிவிடுங்கள். தளர்ந்த செதில்கள் அன்றே விழுந்துவிடும். அடுத்த முறை ஏறும்போது சத்தம் பாதியாகிவிடும். இறங்கியதும் மரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சருகைக் கூட்டி வெறும் மண்ணாக்குங்கள். இருட்டில் ஸ்டாண்டைப் பூட்டும் அந்த ஐந்து நிமிடம் உங்கள் பூட்ஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மிச்சச் சத்தமெல்லாம் இருக்கிறது. கேபிளில் எத்தனையாவது துளை இந்த மரத்துக்குச் சரி என்பதையும் அன்றே பார்த்து, அந்த இடத்தில் ஒரு நிற நூல் கட்டிவிடுங்கள்.

ஏன் துளை எண்ணிக்கை முக்கியம்? மரம் மேலே மெலிகிறது. மெலிய மெலியச் சட்டத்தின் வெளி விளிம்பு கீழே சாயும். தரையில் சமமாகப் பூட்டினால் 20 அடியில் நீங்கள் சறுக்கு மரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். மேலே போனபின் கேபிளை மாற்றி மாட்டுவது ஆபத்து, சத்தமும் அதிகம். அதனால் தரையில் வெளி விளிம்பு 3 முதல் 6 அங்குலம் தூக்கியிருக்கும்படி பூட்ட வேண்டும். பாப்லருக்குக் குறைவு, சட்டென்று மெலியும் ஓக்குக்கு அதிகம். இதை இருட்டில் யூகிக்கிறவர்கள்தான் பாதி வழியில் இறங்கி, மறுபடி பூட்டி, மறுபடி ஏறி, காட்டை மூன்று முறை எழுப்புகிறார்கள்.

ஏறுதல்

சட்டப்படி சுடும் நேரம் பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கும். அதற்கும் 45 நிமிடம் முன்பு மரத்தடியில் இருக்க வேண்டும். ஏறுவதற்கு 15 நிமிடம், அடங்குவதற்கு 10, மிச்சம் காடு உங்களை மறப்பதற்கு. சிவப்பு விளக்குள்ள தலைவிளக்கு போதும்.

முதலில் ஹார்னஸ், அதாவது விழுந்தால் தாங்கிப் பிடிக்கும் பட்டைக் கவசம். முழு உடல் ஹார்னஸை வண்டியருகிலேயே மாட்டிக்கொண்டு வாருங்கள். தொடையைச் சுற்றி வரும் பட்டைகள் இறுக்கமாக இருக்கட்டும். மரத்தைச் சுற்றும் கயிற்றைத் தரையிலேயே கட்டி, ப்ரூசிக் முடிச்சோடு (கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும்) ஹார்னஸின் பிடிகயிற்றை இணைத்த பிறகுதான் முதல் அடி. ஏறும்போது ஒவ்வொரு சுற்றிலும் முதலில் அந்தக் கயிறு மேலே போகும், பிறகுதான் இருக்கை. உட்கார்ந்த நிலையில் பிடிகயிற்றில் தொய்வே இருக்கக்கூடாது. கயிறு துணிதானே, இதில் சத்தமும் இல்லை; கயிற்றை மாட்டுகிற காராபினர் கொக்கியின் கதவை மட்டும் கட்டைவிரலால் மெதுவாக மூட விடுங்கள், தானாக அடைய விட்டால் ‘டிக்’ என்று சொல்லும். ஹார்னஸ் அமைதியைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் அதை ஒழுங்காகப் பழகாதவர்கள்.

இரண்டு துண்டுகளையும் இணைக்கிற கயிறு அடுத்தது. உட்கார்ந்து காலைத் தூக்கும் நொடியில் மேடை காலிலிருந்து நழுவினால், அது நேரே தரைக்குப் போகும். நீங்கள் 15 அடி உயரத்தில் இருக்கையில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கயிறு மேடையைக் கைக்கு எட்டும் தூரத்தில் நிறுத்தும். கட்டாமல் ஏறாதீர்கள்.

இனி ஏறும் முறை. பெரிய எட்டு வைத்து வேகமாக முடித்துவிடலாம் என்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. 18 அங்குலம் தூக்கினால் உடல் நீள வேண்டும், கை நடுங்கும், வைக்கும்போது ‘தடால்’ என்று வைப்பீர்கள். 10 அங்குலம் போதும். 20 அடிக்கு அது 24 சுற்று. ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் என்றாலும் 12 நிமிடம்தான்.

மேடையில் நின்று, பிடிகயிற்றை உயர்த்தி, இருக்கையின் வெளி விளிம்பை மெதுவாகத் தூக்குங்கள். பல் பட்டையை விட்டதும் சட்டத்தை மரத்திலிருந்து அரை அங்குலம் விலக்கிப் பிடித்து உயர்த்துங்கள். மரத்தோடு இழுத்துக்கொண்டு போனால் பல் பட்டையைச் சீவும், பின்னால் கேபிள் ஒவ்வொரு பிளவிலும் மாட்டும். விரும்பிய உயரத்தில் பல்லை மரத்தில் சேர்த்து, வெளி விளிம்பை இறக்கி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பல்லை ஏற்றுவதற்காகச் சட்டத்தை ஓங்கி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடி தேவையில்லை, முன்கையை ஊன்றிச் சாய்ந்தாலே பல் ஏறும். பிடித்ததா என்று சோதித்த பிறகு உட்காருங்கள். பிறகு காலை மேடையிலுள்ள பாதப் பட்டைக்குள் நுழைத்து, காலால் மேடையின் வெளி விளிம்பைத் தூக்கி, முழங்காலை மார்பை நோக்கி உயர்த்தி, பல்லை மரத்தோடு சேர்த்து, வெளி விளிம்பை இறக்குங்கள். பல் முதலில், வெளி விளிம்பு பிறகு. இந்த வரிசை மாறினால்தான் மேடை ‘டக்’கென்று பிடிக்கும், நெஞ்சும் சேர்ந்து அதிரும்.

ஒரே தாளத்தில் ஏறாதீர்கள். சரக்... சரக்... சரக் என்று சீராகப் போகிற சத்தம் இயந்திரம் மாதிரி. மூன்று சுற்று ஏறி ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அணில் ஓடினால், தூரத்தில் ரயில் போனால், காற்று ஒரு வீச்சு வீசினால், அந்த மறைவில் இரண்டு சுற்று. காற்றே இல்லாத உறைபனி விடியல்தான் மிகக் கடினம். அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும், வேறு வழியில்லை.

18 முதல் 20 அடியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கோணம் செங்குத்தாகும், மானின் நெஞ்சுப் பகுதியில் அம்புக்குக் கிடைக்கும் இலக்கு சுருங்கும். ஐந்தடி கூடுதலாக ஏறுவது ஆறு சுற்றுச் சத்தமும்கூட.

ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். கீழே எப்படி வைப்பது என்பதில்தான் கோட்டை விடுவார்கள். தூக்குக் கயிறு 30 அடி இருக்கட்டும். துப்பாக்கி என்றால் குண்டில்லாமல், அறையைத் திறந்து, குழல்முனை கீழ்நோக்கி. கயிறு விசைக்காப்பு வளையத்தில் படவே கூடாது. வில் என்றால் அம்புகள் மூடிய கூட்டுக்குள். மரத்தை ஒட்டி வைக்காமல் இரண்டடி தள்ளி வையுங்கள், தூக்கும்போது மேடையின் அடியில் வந்து இடிக்காது. கயிறு ஏறும்போதே அவிழ்ந்து வரும்படி இடுப்பில் ஒரு பைக்குள் திணித்து வைத்தால் சிக்காது.

மேலே

உயரம் வந்ததும் உட்கார்ந்துவிடாதீர்கள். மேடையின் நிலைப்பட்டையை மரத்தைச் சுற்றி இறுக்குங்கள். பிறகு இடது கால், வலது கால், குதிகால், முன்பாதம் என்று எடையை மாற்றி மாற்றி அழுத்துங்கள். பல் இன்னும் ஒரு நூல் இறங்கும், இரண்டு மூன்று ‘பொட்’ சத்தம் வரும். வரட்டும். இருட்டில் இப்போது வராவிட்டால், எட்டு மணிக்கு மான் 25 கஜத்தில் நிற்கும்போது, நீங்கள் எழுந்து நிற்கிற நேரத்தில் வரும். மறுபடி பட்டையை இறுக்குங்கள்.

இருக்கைச் சட்டத்துக்கும் ஒரு பட்டை வேண்டும். நீங்கள் எழுந்ததும் எடையில்லாத சட்டம் பிடியை விட்டு ஒரு அங்குலம் இறங்கும். மானைத் தவறவிடுபவர்கள் காலடிச் சத்தத்தைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்த இருக்கைதான்.

மேடையில் ஒரு துண்டுக் கம்பளம் விரித்தால் பூட்ஸ் உரசல் கேட்காது, பாதமும் சில்லிடாது. மழைக்குப் பிறகு உறைபனி விழும் நாளில் அதை எடுத்துவிடுங்கள், நனைந்து உறைந்தால் கண்ணாடி. ஏறுவதற்கு முன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியையும் சேற்றையும் குச்சியால் சுரண்டிவிடுங்கள். பனிக்கட்டி அலுமினியத்தில் அரைபடும் ‘நறநற’ தனி ரகம்.

வில் மாட்டத் திருகு கொக்கி வேண்டாம். திருகும்போது கீச்சிடும், பல பொதுநிலங்களில் மரத்தில் எதையும் திருகத் தடையும் உண்டு. க்ளைம்பரின் பல்லையே ஏற்காத நிலங்களும் உள்ளன, போகுமுன் அந்த நிலத்தின் விதியைப் படியுங்கள். மரத்தைச் சுற்றிக் கட்டிய நாடாவில் தொங்கும் துணி சுற்றிய கொக்கியே போதும். கைபேசியை அதிர்வில் வைத்து அலுமினியத்தின் மேல் வைத்தால் அது ஒரு மத்தளம். முழுதாக அணைத்துச் சட்டைப்பைக்குள். ஃபிளாஸ்க்குக்கு ஒரு பழைய காலுறை.

வெளிச்சம் வருமுன் வில்லை ஒருமுறை மெதுவாக இழுத்து, கீழ்க் கை எங்கே கம்பியில் படுகிறது என்று பாருங்கள். முன்கம்பி மூடிய மாடல் துப்பாக்கிக்காரர்களுக்குச் சாய்மானம், வில்காரர்களுக்குத் தொல்லை. வில்தான் என்று முடிவானால் முன்பக்கம் திறந்த மாடலை வாங்குவதே மேல். துப்பாக்கிப் பருவமாக இருந்தால் ஆரஞ்சு உடை சட்டம்: பென்சில்வேனியாவில் 250 சதுர அங்குலம், ஜார்ஜியாவில் 500. ஹார்னஸ் பட்டை அதை மறைக்காமல் மேலே போட்டுக்கொள்ளுங்கள்.

இறங்குதல்

மாலையில் கடைசி வெளிச்சம் போனதும் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். காலையில் 15 நிமிடம் எடுத்து ஏறியவர் மூன்று நிமிடத்தில் தடதடவென்று இறங்குவார். அந்த நேரத்தில்தான் மான்கள் ஓக் விதை மேய்ந்தபடியோ வயல் ஓரத்திலோ நிற்கும். நாளைக்கு அந்த மரத்தைச் சுற்றி வராமலிருக்க அந்த மூன்று நிமிடம் தாராளம்.

குண்டை எடுத்து, ஆயுதத்தை முதலில் இறக்குங்கள். பட்டைகளை அவிழ்த்த பின்னும் பிடிகயிறு ஹார்னஸிலேயே இருக்கட்டும், தரையில் கால் பட்ட பிறகே கழற்ற வேண்டும். இறங்கும்போது மேடை முதலில், இருக்கை பிறகு. இதுவும் 10 அங்குலம் 10 அங்குலமாகத்தான். இறக்கத்தில் சட்டம் தானாகச் சரிந்து ‘தட்’டென்று பிடிக்கப் பார்க்கும். காலால் அதன் எடையைத் தாங்கி வைத்தால் பிடிக்காது.

மான்கள் கீழேயே நின்றால்? காத்திருக்கலாம். ஒரு மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால், சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ வேட்டையாடுபவர்கள் கூட்டாளியிடம் சொல்லி வைத்து ஒரு பிக்கப்பையோ டிராக்டரையோ அந்தப் பக்கம் ஓட்டி வரச் செய்வார்கள். பண்ணை வண்டி மானுக்குப் பழகியது. எழுந்து நகர்ந்து போகும், மரத்தின் மேல் ஆள் இருந்தது அதற்குத் தெரியவே தெரியாது. வண்டியின் சத்தம் இருக்கும்போதே இறங்கி, துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடக்கி, அந்த மூன்று கட்டையும் போட்டுவிடுங்கள்.